நானூறு கிலோமீட்டரில் நின்ற சென்னை

காலை எட்டு மணிக்குப் போர்ட் பிளேரில் கிளம்பிய விமானம், இரண்டு மணி பத்து நிமிடத்தில் போய்ச் சேரவேண்டிய சென்னைக்கு நானூறு கிலோமீட்டர் இப்பால், பிற்பகல் இரண்டு மணிக்கும் பறந்துகொண்டிருந்தது. இன்ஜின் கெடவில்லை, எண்ணெய் குறையவில்லை, பயணிகளுக்கு மூன்றாம் தடவை டீ கொடுத்தாயிற்று. எவ்வளவு பறந்தாலும் சென்னை அதே நானூறில் நின்றது.

பதினேழாம் வரிசையில் இருந்தவன் யோகராஜ், நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் பால் வெட்டுபவன். அவன் மகள் பானுவுக்குச் சென்னையில் நாலரைக்கு இதய ஆபரேஷன். எங்கும் கிடைக்காத வகை ரத்தம் அவளுக்கு, அப்பனிடம்தான் இருந்தது. இன்று தவறினால் பிள்ளை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதையும் விமானம் இன்னும் வராததையும் யோகராஜின் மனைவி சித்ரா ஆஸ்பத்திரியிலிருந்து போனில் அழுதுகொண்டே சொன்னபோது, கட்சாலில் அவனோடு பால் வெட்டும் தேவேந்திரனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று காலை பெரட்டில், அதாவது தோட்டத்தில் பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கையில், "யோகராஜ்" என்றதும் குரலை மாற்றி "ஹாஜிர்" என்றவன் அவன்தான். சிலோன் தோட்டத்திலிருந்து கூடவே வந்த பழக்கம் அது. லீவு தீர்ந்தவனுக்குக் கூட்டாளி குரல் கொடுப்பான், யாரும் அதைத் திருட்டாக நினைத்ததில்லை. யோகராஜ் கப்பலேறிப் போர்ட் பிளேர் போனவரை பெரட்டுக்கு ஆட்சேபணை இல்லை, தீவுக்குள் எங்கே திரிந்தாலும் கணக்கு ஒன்றுதான். மெயின்லேண்டுக்கு அது ஆளை விடாது. பெரட்டு ஏட்டில் கட்சாலில் நிற்கிறவன் சென்னையில் எப்படி இறங்குவான்?

தேவேந்திரன் ஆபீசுக்கு ஓடினான். ஏடு மேனேஜர் பங்களாவுக்குப் போயிருந்தது. மேட்டில் இரண்டு மைல் ஓடி, கணக்கப்பிள்ளை பாலசுப்பிரமணியத்தை அங்கே பிடித்தபோது மணி இரண்டே முக்கால்.

"ஐயா, யோகராஜ் இங்க இல்லீங்க. காலையில நான்தான் கொரல் குடுத்தேன். அவன் பேரை அடிச்சிருங்க."

"கையெழுத்தாயிருச்சுடா. இப்ப அடிச்சா ஒனக்கு வேலை போயிரும்."

"பானு போயிருவாய்யா. அடிங்க!"

கணக்கப்பிள்ளை அவன் முகத்தைப் பார்த்தார். சிவப்பு மைப் பேனாவைத் தேடவே பத்து நிமிடம் ஆனது, தேவேந்திரனுக்கு அவரை அறையலாம் போலிருந்தது. மூன்று மணி ஐந்துக்குக் கோடு விழுந்தது. மூன்று ஆறுக்கு விமானத்தின் ஜன்னலில் மீனம்பாக்கம் தெரிந்தது.

தேவேந்திரனை அன்று மாலையே வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவன் கவலைப்படவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பயத்தை அவன் சுனாமியின்போதுதான் கண்டிருந்தான். மறுநாள் மதியம் சித்ரா கூப்பிட்டாள்.

"அண்ணே, கண்ணு முழிச்சிட்டா. முழிச்சதும் அப்பனைத்தான் திட்டுறா, ஏன் இவ்வளவு லேட்டுன்னு."

"அவன் என்ன சொன்னான்?"

"பெரட்டுல நின்னுட்டு வர்றேன்மான்னாரு."

பானு கட்சாலில் பிறந்தவள். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் கஞ்சி கேட்டாளாம்.