நான்காவது குழாய்

1991 ஆவணி முதல் வாரம், படப்பை தாண்டி ஒரகடம் சாலையில் இருந்த எங்கள் ஃபைபர் பட்டறைக்கு, துறைமுகத்திலிருந்து லாரியில் ஒரு பாய்மரப் படகு வந்தது. பல இடங்களில் விரிசல். தண்ணீர்த் தொட்டி செய்கிற எங்களுக்குப் படகு புதிது. ஆனாலும் மூன்று நாளில் வெளிப்பக்கம் முழுவதும் பட்டி போட்டுத் தேய்த்துவிட்டோம். மிச்சம், உள்ளே முன்பக்கப் படுக்கைக்கு அடியில் இருந்த விரிசல். அங்கேதான் கக்கூஸ் தொட்டி இருந்தது. நிறைந்திருந்தது. அதைக் காலி செய்யாமல் அங்கே கை வைக்க முடியாது. படகோ மறுநாள் போயாக வேண்டும்.

சூப்பர்வைசர் நரசிம்மன், கண்ணாடியிழை மேட் வெட்டிக்கொண்டிருந்த என்னிடம் நேரே வந்தார்.

"அம்சவல்லி, உங்க நைனா வூட்லதான கீறாரு? வாளியோட வரச் சொல்லு. மூடியத் தொறந்து மொண்டு ஊத்தினா ஒரு மணி நேர வேலை."

என் அப்பா மண்ணாங்கட்டி இருபத்திரண்டு வருடம் மணிமங்கலத்தில் எடுப்புக் கக்கூஸ் வாரியவர். எனக்கு இந்த வேலை கிடைத்த மாதம் அதை நிறுத்தினார். நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது.

"அந்த வேலைய வுட்டுட்டாரு சார்."

"வுட்டா மறந்துபூடுமா? ஒரு நாளைக்குத்தான."

"வரமாட்டாரு."

"நீ கூப்டலன்னா நான் ஆள் அனுப்பிக் கூப்டறேன். நாளைக்கு வேலைக்கு வரணுமா வேணாமான்னு யோசிச்சிக்க."

யோசித்தேன். கடலில் போகிறவர்கள் வாளியாலா மொண்டிருப்பார்கள்? சாக்பீஸை எடுத்துக்கொண்டு படகில் ஏறினேன்.

தொட்டியில் நான்கு குழாய்கள். ஒவ்வொன்றையும் தடவிக்கொண்டே கடைசிவரை போய் எண் போட்டேன். ஒன்று, கக்கூஸ் பீங்கானிலிருந்து வருவது. இரண்டு, மேல்தளத்து மூடிக்குப் போவது. கரையிலிருந்து பம்பு வைத்து உறிஞ்சுவதற்கு. மூன்று, விரல் தடிமன். பக்கச் சுவர்வரை போய் நின்றுவிட்டது. நான்கு, ஒரு வால்வு வழியாகப் படகின் அடியில் வெளியேறுவது, நடுக்கடலில் திறந்துவிட. படகு இப்போது இடுப்புயரத் தாங்கியில் நிற்கிறது. அந்த அடித்துளையில் ஹோஸ் மாட்டினால், பட்டறைக்குப் பின்னால் இருக்கும் செப்டிக் டேங்க்வரை தானே ஓடும்.

மூன்றுதான் புரியவில்லை. வெளியே வந்து பார்த்தால், அந்த இடத்தில் பளபளவென்று எங்கள் பட்டி. போட்டவரைக் கூப்பிட்டேன்.

"மைக்கேல்ராஜ் அண்ணே, இங்க ஓட்ட எதுனா இருந்திச்சா?"

"இருந்திச்சி. அடச்சிட்டேன். ஓட்டைய அடைக்கறதுக்குத்தான சம்பளம்."

"அது தொட்டி மூச்சு வுடற ஓட்டண்ணே. மூணு நாளா தகர ஷெட்டு வெக்கைல அடச்சி வச்சிக்கிறோம். மூடி உப்பிக்கினு கீது. வாளியோட வந்து தொறக்கறவர் மூஞ்சிலதான் அடிச்சிருக்கும்."

அவர் உளியை எடுத்துவந்து பட்டியைக் குத்தினார். சீறிக்கொண்டு வந்த காற்றுக்கு இருவரும் ஓடினோம்.

பிறகு ஓர் அட்டையில் வரிசையாக எழுதிப் படகில் ஒட்டினேன். அடியில் ஹோஸ் மாட்டுவது, மைக்கேல்ராஜ். செப்டிக் டேங்கில் ஹோஸைப் பிடிப்பது, அம்சவல்லி. மேல்மூடி வழியாக இரண்டு முறை தண்ணீர் ஊற்றுவது, என்னோடு மேட் வெட்டும் சகாயமேரி. வால்வைத் திறப்பது, நரசிம்மன்.

"இன்னாம்மா, எம் பேரப் போட்டுக்கிற?"

"எல்லார் பேரும் கீது சார்."

"நான் சூப்பர்வைசர்."

"அதான் சார் வால்வு. ஹோஸ் கெட்டியா கீதான்னு பாத்துட்டுத்தான தொறக்கணும்."

"மாட்டேன்னா?"

"எங்க நைனாவும் மாட்டாரு. ஒரு நாளைக்குத்தான சார்."

மைக்கேல்ராஜ் ஹோஸைக் கீழே வைத்தார். "சார் பேரு இல்லன்னா என் பேரையும் அடிச்சிடும்மா."

நரசிம்மன் அட்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே குனிந்தார்.

ஹோஸ் என் கையில் துடிக்கத் தொடங்கியபோது, பின்வேலிக்கு வெளியே அப்பா சைக்கிளை நிறுத்தினார். ஹேண்டில்பாரில் வாளி. நரசிம்மன் சொன்னபடியே ஆள் அனுப்பியிருக்கிறார்.

"நான் வரலன்னா உன்ன நிறுத்திடுவாங்கன்னு சொன்னாங்க கண்ணு."

"நிறுத்தட்டும் நைனா. நீ உள்ள வராத."

அவர் ஹோஸ் வரும் வழியைக் கண்ணால் தொடர்ந்தார். "அந்தாண்ட யாரு?"

"சூப்பர்வைசர்."

"மூக்குத் துணிய நனச்சிக் கட்டச் சொல்லு. காஞ்ச துணி தாங்காது."

"அவரே வந்து கேட்டா சொல்லு நைனா."

அப்பா வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வேலிக்கு அந்தப் பக்கமே அதன்மேல் உட்கார்ந்து, பீடி பற்றவைத்துக்கொண்டார்.