வடிகட்டியில் விழாத கல்

என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் டவர் கிரேன் ஓட்டுபவர். காலையில் ஏணியில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். நடுவில் ஒன்றுக்கு வந்தால்? மற்ற ஆபரேட்டர்கள் மேலேயே பாட்டிலில் போய்விடுவார்கள். இந்த மனுஷனுக்குக் கூச்சம். கண்ணாடிக் கூண்டாம், யாராவது பார்த்துவிடுவார்களாம். அந்த உயரத்தில் இவரைப் பார்க்கக் காக்காய்தான் வரவேண்டும். சொன்னால் கேட்டால்தானே? வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார். ஸ்கேன் எடுத்தால், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயில் கல் சிக்கியிருந்தது.

"நிறைய தண்ணி குடிங்க. ஒவ்வொரு தடவையும் வடிகட்டிப் பாருங்க. கல்லு விழுந்தா எடுத்துட்டு வாங்க. விழலேன்னா அடுத்த வாரம் உள்ள டியூப் விட்டு எடுத்துடலாம்" என்றார் டாக்டர்.

"எந்த வழியா டாக்டர் டியூப் விடுவீங்க?"

டாக்டர் சொன்னார். இவர் முகம் வெளுத்துப்போயிற்று.

புது டீ வடிகட்டி ஒன்று வாங்கி, தப்பித்தவறிக்கூடச் சமையலறைப் பக்கம் வந்துவிடக் கூடாதென்று கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றினேன். வேலைக்கும் அதைக் கொடுத்தனுப்பினேன். வீட்டில் இருந்தால் பாத்ரூம் வாசலிலேயே நிற்பேன்.

"விழுந்துச்சா?"

"ஏன்டி, பரீட்சை ரிசல்ட் மாதிரி உயிர வாங்குற?"

வாரக் கடைசியில் வேலை முடிந்து வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்து நீட்டினார். உள்ளே மிளகைவிடச் சின்னதாக, சாம்பல் நிறத்தில் ஒரு கல்.

"மதியம் சைட்டுல விழுந்துருச்சு. வலியும் சுத்தமா போயிடுச்சு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே நாத்தனாருக்கு போன் போட்டேன். "இத்துனூண்டு கல்லுக்கா என் தம்பி அந்த ஆட்டம் ஆடினான்?" என்று சிரித்தார். டாக்டரிடம் காட்டிவிடலாம் என்றேன். "விழுந்த கல்லுக்கு எதுக்குடி டாக்டரு?" என்று இவர் மழுப்பிவிட்டார்.

சில நாளில் குளிர் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மேலே காற்று ஜாஸ்தி, அதான் என்றார். மறுநாள் பேச்சே குழறியது. வண்டி பிடித்துக்கொண்டு ஓடினேன்.

ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். "கல்லு அதே இடத்துலதாம்மா இருக்கு. மூத்திரம் இறங்க வழியில்லாம தேங்கி, சீழ் பிடிச்சு, கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு."

"அதுதான் விழுந்துருச்சே டாக்டர்!" கைப்பையிலிருந்த காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன்.

விரலால் உருட்டிப் பார்த்தார். "இது உடம்புலேருந்து வந்த கல்லு இல்லம்மா."

அப்புறம்தான் நானும் உற்றுப் பார்த்தேன். ஜல்லி. துவைக்கும்போதெல்லாம் அவர் பேண்ட் மடிப்பிலிருந்து நான் உதறித் தள்ளுகிற அதே ஜல்லி.

முதுகு வழியாக ஊசி குத்திச் சீழை வடியவிட்டார்கள். அதற்கப்புறம் என்னை உள்ளே விட்டார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"டியூபுக்குப் பயந்துட்டேன்டி. வலி நின்னுச்சா, தானா போயிருக்கும்னு நெனச்சேன். நீ வேற தெனமும் கேட்டுக்கிட்டே இருந்த."

அந்தரத்தில் உட்கார்ந்து டன் கணக்கில் இரும்பு தூக்குகிற மனுஷன், ஒரு டியூபுக்குப் பயந்தாராம்! திட்ட வாயைத் திறந்தேன். அவருக்கு மேல்மூச்சு வாங்கியது.

"மொதல்ல வீட்டுக்கு வாங்க. அங்க வச்சிக்கிறேன் உங்கள."

"சரி, வந்து வாங்கிக்கட்டிக்கிறேன்" என்று சிரிக்கப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு, "அழுதுடு, மனசுல வச்சிக்காத" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து திட்ட ஆரம்பித்தேன். பொய்க்காரா என்றேன், பயந்தாங்கொள்ளி என்றேன், வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். நாத்தனார் என் வாயைப் பொத்த வந்தார். அவர் கையைத் தட்டிவிட்டுத் திட்டினேன்.

ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை என் வீட்டுக்காரர்.