கடைசிப் பத்தி

பதினொரு வருடமாக ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில் எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், திடீரென்று ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு, பல்கலைக்கழகத்தில் இறையியல் முதலாண்டில் போய் உட்கார்ந்தால் நாலு பேர் வாய் சும்மா இருக்குமா? புள்ளியியலில் முதல் வகுப்புப் பட்டம், கம்பெனியில் தனி அறை, வயதோ முப்பத்து நான்கு. அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சித்திரகுப்தன். "சித்திரகுப்தனுக்கு இங்க கணக்கெழுதி அலுத்துப்போச்சு. நேரா தலைமை ஆபீஸுக்கே மாத்தல் வாங்கிக்கிட்டாரு" என்று பிரிவு உபசாரத்தில் மேனேஜர் சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

வீட்டில் அவள் பெரியவள். அடுத்த தெருவிலிருந்து விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த சித்தி, செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி, புத்தி கித்தி பிசகிடுச்சா? இந்த வயசுல காலேஜா? அதுவும் சாமி படிப்பு! படிச்சு என்னடி பண்ணப்போற?"

"ஆர்வமா இருக்கு சித்தி."

"ஆர்வமாம் ஆர்வம். அக்கா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்."

அம்மா காப்பி கலக்க உள்ளே போனாள். மகளை அங்கே அனுப்பியதே அவள்தான் என்பது சித்திக்கு எப்படித் தெரியும்?

அதற்கு முந்தைய வருடம் சின்னவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. இருபத்திரண்டு வயது. அப்பா போன பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அவன்தான். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா பெரியவளைப் பார்த்து, "பிழைச்சுக்குவானா?" என்று கேட்டாள். வேறு எந்த அக்காவாக இருந்தாலும், பிழைத்துக்கொள்வான் என்றிருப்பாள். அவள், "அஞ்சு பேர்ல ரெண்டு பேர் பிழைக்கிறாங்கம்மா" என்றாள். தொழில் பழக்கம். "அந்த ரெண்டுல இவன் இருக்கானா?" என்று அம்மா அடுத்துக் கேட்டதற்கு எந்த அட்டவணையிலும் பதில் இல்லை. நான்காம் நாள் அவன் போய்விட்டான்.

துக்கம் விசாரிக்க வந்த போதகரிடம் அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "என் பிள்ளைய நான் திரும்பப் பாப்பேனா?" அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "நிச்சயமா, அதிலென்ன சந்தேகம்?" என்றார். கேட்ட வேகத்தில் வந்த பதில். துணிக்கடையில் சாயம் போகுமா என்று கேட்டால், போகவே போகாதும்மா என்பார்களே, அந்த வேகம். அவர் போன பிறகு அம்மா மகளிடம் சொன்னாள்:

"அவரு எல்லாருக்கும் அதத்தான் சொல்வாரு. நீ பாத்துச் சொல்லு. நீ பொய் சொல்லமாட்ட. ஆஸ்பத்திரியிலகூட நீ எங்கிட்டப் பொய் சொல்லல."

அதை எண்ணி எண்ணித்தான் பெரியவள் தூக்கமில்லாமல் கிடந்தாள். தன்னை வாழ்நாளெல்லாம் குத்தப்போகிறது என்று நினைத்திருந்த அந்த வார்த்தைக்காகவே அம்மா தன்னை நம்புகிறாள். இந்த ஒரு கேள்விக்காவது முறையாகப் பதில் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் படிப்பு. மற்றவர்களுக்கு ஆர்வம் என்று சொல்லிக்கொண்டாள்.

வகுப்பில் அவளைத் தவிர எல்லோரும் மீசை அரும்பாத வயது. முதல் நாளே அக்காவாக்கிவிட்டார்கள். பேராசிரியை கறார்ப் பேர்வழி. குட்டையான உருவம், அதட்டாத குரல், கையில் எப்போதும் சிவப்புப் பேனா. பெரியவளின் முதல் கட்டுரை திரும்பி வந்தபோது பக்கமெல்லாம் சிவப்பு. "இது யார் கருத்து?" "மறுப்பவர் என்ன சொல்வார்?" "அதற்குள் என்ன அவசரம்?"

அந்தத் துறையில் அப்படி ஒரு வழக்கம். எதைப் பற்றி எழுதினாலும் முதலில் எல்லாக் கருத்துகளையும் வைக்க வேண்டும். எதிர்க்கருத்தை ஏனோதானோ என்று வைக்கக் கூடாது. "எதிராளி படிச்சா, ஆமா, நான் இதத்தான் சொல்றேன்னு கையெழுத்துப் போடணும். அவ்வளவு நேர்மையா எழுதணும்" என்பார் பேராசிரியை. அதன் பிறகு கடைசிப் பத்தி. அங்கேதான் சொந்தக் கருத்துக்கு இடம். கடைசிப் பத்தியை முன்னால் கொண்டுவந்தவன் தேறியதாகச் சரித்திரம் இல்லை.

பெரியவளுக்கு இது பிடித்துப்போனது. கணக்குக்காரியாயிற்றே. இரண்டாம் பருவத்துக்குள் எதிராளிகளெல்லாம் வரிசையில் நின்று கையெழுத்துப் போடும்படி எழுத ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் வீடு திரும்பினால் அம்மா காத்திருப்பாள்.

"எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"இன்னும் படைப்புலதாம்மா நிக்குது. அடுத்த வருஷம் பாவம். சாவு, மறுமை எல்லாம் மூணாம் வருஷம்."

"அத முதல்ல வச்சா என்னவாம்? வயசானவங்க யாரும் படிக்க வரமாட்டாங்கன்னு நெனச்சுட்டாங்களா?"

சொல்லிவிட்டு அம்மாவே சிரிப்பாள். சின்னவன் போன பிறகு அவள் சிரித்ததெல்லாம் இந்தப் பாடத்திட்டத்தைப் பார்த்துத்தான்.

இரண்டாம் வருடம் பாதியில் அம்மாவின் இதயம் தகராறு செய்ய ஆரம்பித்தது. கால் வீங்கியது. குளியலறைக்கும் கட்டிலுக்கும் இடையில் இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது. டாக்டர் பெரியவளைத் தனியே கூப்பிட்டு, மாதக் கணக்கில் யோசிக்க வேண்டாம் என்றார். கணக்கை அவளுக்கே விளக்கினார், பாவம்.

மூன்றாம் ஆண்டுப் பாடத்தை இப்போதே படிக்க வேண்டும் என்று அவள் பேராசிரியையிடம் போய் நின்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டினால் நூலகத்தில் மூன்றாம் ஆண்டுக்காரர்களுக்கென்று ஒதுக்கிய புத்தகங்கள் கிடைக்கும். இரண்டு நாள் தவணை. மாலை ஐந்துக்குள் திரும்ப வைத்துவிட வேண்டும், அடுத்தவர் காத்திருப்பார்.

ஐந்து வாரம் படித்தாள். ஒரு பிற்பகல், நூலகத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, செத்தவர்களை யாரும் திரும்பக் காணப்போவதில்லை என்ற கட்சியை அதன் முழுப் பலத்தோடு எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். அது அவளை அசைக்கவில்லை. எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் தெரிந்துவிட்டது. பார்ப்பாள். அம்மா அவனைப் பார்ப்பாள். பக்கத்து மேசைப் பையன்கள் பார்க்கப் பார்க்க அவள் அழுதாள். வெட்கமே இல்லை.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காப்பி ஆற்றிக்கொண்டே சொன்ன அந்த "நிச்சயமா" போல ஆகிவிடக் கூடாது என்று பயந்தாள். அம்மா கேட்கும்போது முறையாக, எதையும் மறைக்காமல், முழுசாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள்.

அம்மா ஒரு வியாழக்கிழமை மதியம் கேட்டாள். மூன்று தலையணைகளை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு கொஞ்சம் இரைத்தது.

"படிச்சுட்டியா?"

"படிச்சுட்டேம்மா."

"சொல்லு. அவன நான் பாப்பேனா?"

பெரியவள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு வருடம் காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தாள்.

"இதுல மூணு கருத்து இருக்கும்மா."

நாக்கு அப்படிப் பழகிவிட்டது. முதல் கருத்தைச் சொன்னாள்: ஒன்றுமே மிச்சம் இருக்காது என்பவர்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினாள். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது: செத்தவர்கள் கடைசி நாள்வரை உறங்குவார்கள், எழும்போதும் ஒருவரையொருவர் அடையாளம் தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பவர்கள்.

"அப்ப, என்னைப் பாத்தாலும் அவனுக்குத் தெரியாதா?"

"அது அவங்க சொல்றதும்மா. அதுக்கும் காரணம் இருக்கு…"

காரணத்தையும் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். எதிராளி கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பான்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "போதும்மா. களைப்பா இருக்கு. கொஞ்சம் தூங்கறேன்."

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா."

"இருக்கட்டும், அப்புறம்."

மணி நாலு. அன்றைக்குத் திரும்ப வைக்க வேண்டிய இரண்டு புத்தகங்கள் மேசைமேல் இருந்தன. அம்மா தூங்கும் நேரத்தில் போய்விட்டு வந்துவிடலாம். எழுந்ததும் மிச்சத்தைச் சொல்லிக்கொள்ளலாம். சித்தியைத் துணைக்கு வரச்சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். பஸ்ஸில் நின்றபடியே அந்த மிச்சத்தை எப்படிச் சொல்வது என்று வார்த்தை வார்த்தையாகக் கோத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்குத் திரும்பியபோது வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், மூன்றாம் நாள் சித்தியும் பெரியவளும் கட்டில் விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள்.

"அஞ்சு மணிக்கு ஒரு தடவ முழிச்சாடி. நல்லாத்தான் பேசினா. உனக்குப் போன் போடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டா."

"வேற என்ன சொன்னாங்க?"

"என்னமோ சொன்னா, எனக்குப் புரியல. 'அவளுக்கும் தெரியல போல. பாவம், எனக்காக ரெண்டு வருஷம் படிச்சா. இனிமே அதக் கேட்டு அவளக் கஷ்டப்படுத்தக் கூடாது'ன்னா. அப்புறம் சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா. அவ்வளவுதான்."

பெரியவளின் கையிலிருந்து விரிப்பின் முனை நழுவியது.

"தெரியும் சித்தி. எனக்குத் தெரியும்."

"என்னடி தெரியும்?"

"அம்மா அவனப் பாப்பாங்க. நிச்சயமாப் பாப்பாங்க."

சித்தி அவளையே பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குரலில் குற்றம் சொல்லும் தொனி துளிகூட இல்லை.

"இத அவகிட்டச் சொல்லியிருக்கலாமேடி."