ஒன்பதாவது காசும் நாலு விரல் சன்னலும்

"கீறல் இருக்கிற பக்கம்தான் தலை..."

"பூ."

"தலைடி! எட்டு வருஷமா..."

"எட்டு வருஷமா நீ சொல்ற, நான் கேட்டுக்கறேன். அதுக்காகப் பூ தலையாயிடுமா?"

"அம்மா, அம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க," என்றார் நாணயக் கடைக்காரர். "தேய்ஞ்ச காசா இருக்கே, எது தலைப்பக்கம்னு சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

அவருக்குச் சும்மா. அக்கா தங்கைக்கு அப்படி இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்பு இருவரும் சேர்ந்து குடிவந்த வீட்டில் அறை இரண்டு, சன்னல் ஒன்று. தையல்காரியான அக்காவுக்கு ஊசி கோக்க வெளிச்சம் வேண்டும். டெலிபோன் ஆபீசில் முப்பது வருஷம் ஊரார் குரல் கேட்டுப் பழகிய தங்கைக்குத் தெருச்சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது. அம்மா விட்டுப்போன வெள்ளிக்காசு ஒன்பதில் ஆளுக்கு நான்கு எடுத்ததுபோக மிஞ்சிய ஒன்றை, சன்னல் அறை யாருக்கு என்று சுண்டினார்கள். அம்மாவின் சுருக்குப்பையில் கிடந்து கிடந்து இரண்டு பக்கமும் வழவழத்துப்போன காசு. அக்கா தலை கேட்டாள். கீறல் பக்கம் மேலே விழுந்தது. "தலை!" என்று தீர்ப்பையும் அவளே சொல்லி, சன்னலோரம் மிஷினைப் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து காலையில் யார் டீ போடுவது என்பதற்கும் அதே காசு, கீறல் விழுந்தால் தலை என்ற அதே தீர்ப்பு.

இப்போது பின் அறைச் சுவரை உடைத்துத் தங்கைக்கும் ஒரு சன்னல் வைக்கத்தான் ஒன்பதையும் விற்க வந்திருந்தார்கள். மூன்றரை அடி அகலத்துக்கு இவ்வளவு என்று கொத்தனார் எழுதிக்கொடுத்த சீட்டு தங்கையின் கைப்பையில் இருந்தது.

"முதல்ல மத்ததைச் சொல்லிடறேன்," என்றார் கடைக்காரர். "தேய்ச்சு கீய்ச்சு வச்சிருக்கீங்களா?"

"துணியத் துவைக்கவே நேரமில்ல. காசை வேறயா தேய்க்கப்போறோம்?" என்றாள் அக்கா.

"நல்லதாப் போச்சு. தேய்ச்சா விலை இறங்கிடும்."

எட்டுக் காசும் சின்னத் தராசில் மாற்றி மாற்றி ஏறி இறங்கின. எடையில் எள்ளளவும் வித்தியாசமில்லை. பிறகு லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் வருஷத்துக்குக் கீழே பார்த்தார். ஆறாவது காசில் கை நின்றது.

"இங்க ஒரு புள்ளி இருக்கு. இந்த வருஷத்துல புள்ளி வச்சது கொஞ்சம்தான் அடிச்சாங்க. இது ஒண்ணே மத்ததுல நாலு காசோட விலை பெறும். மத்த ஏழும் வெள்ளி விலைக்கு."

"புள்ளி யாரு பங்குல வந்தது?" என்றாள் அக்கா.

"யாரு பங்கா இருந்தா என்ன? சன்னல் என் பங்கு," என்றாள் தங்கை.

ஒன்பதாவது காசு மற்றதைவிட ஒன்றேகால் கிராம் குறைவாக நின்றது.

"இதுல முகமும் இல்ல, வருஷமும் இல்ல. எடைக்குத்தான் எடுத்துக்க முடியும்."

"எடை கிடக்கட்டும் தம்பி. எது தலைன்னு பார்த்துச் சொல்லுங்க," என்றாள் தங்கை.

கடைக்காரர் விளக்கை அணைத்தார். டார்ச்சைக் காசுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார். வெறும் தகடாகத் தெரிந்த வெள்ளியில், சாய்ந்து விழுந்த வெளிச்சத்தில் மெல்லிய மேடும் பள்ளமும் எழுந்தன. கீறல் பக்கத்தை லென்ஸில் நெடுநேரம் பார்த்தார்.

"ஒரு காம்பு தெரியுது. ரெண்டு இலை." காசைத் திருப்பினார். "இந்தப் பக்கம் மூக்கு, தாடை. கீறல் இருக்கறது பூப்பக்கம்தாம்மா."

அக்காவே குனிந்து பார்த்தாள். இலை இருந்தது. ஒன்றல்ல, இரண்டு.

"ஆக, நான் போட்டு நீ உறிஞ்சிக் குடிச்ச டீ அத்தனையும் நீ போட்டிருக்க வேண்டியது," என்றாள் தங்கை.

"நான் போட்ட டீ அத்தனையும் நீ போட்டிருக்க வேண்டியது. அதுக்கு இது சரியாப் போச்சு."

"டீ சரியாப் போச்சு. ரூமு?"

விளக்கு மறுபடி எரிந்தது.

"உன்னுதுதான். சாயங்காலமே மிஷினை நகர்த்திடறேன். பின்னாடி ரூமுக்கும்தான் சன்னல் வருதே, எனக்கென்ன கொறை?"

சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். அதில் அழுக்கே இல்லை.

தங்கை சீட்டை எடுத்தாள். "தம்பி, ஒன்பதும் கொடுத்தா இந்தத் தொகை வந்துடுமா?"

"ஒன்பதும் கொடுத்தா வந்துடும். அந்தத் தேய்ஞ்சதை எடுத்துட்டீங்கன்னா கொஞ்சம் இடிக்கும்."

"எவ்வளவு இடிக்கும்?"

அவர் தொகையைச் சொன்னார். அவள் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் வகுத்தாள். பிறகு மேஜை விளிம்பில் இடது கையை வைத்துப் பார்த்தாள். ஒரு விரல், இரண்டு, மூன்று, நான்கு.

"நாலு விரல். சன்னல் நாலு விரல் சின்னதாகும், அவ்வளவுதான?"

"ஏன்டி, தேய்ஞ்ச காசுக்காக வெளிச்சத்தைக் கொறைச்சுக்குவியா?"

"நாலு விரல் வெளிச்சம் கொறைஞ்சா நான் என்ன, ஊசியா கோக்கப்போறேன்?"

"அப்படின்னா பின்னாடி ரூமுல நீயே..." என்று ஆரம்பித்த அக்கா நிறுத்தினாள்.

கடைக்காரர் எட்டுக்கும் பணத்தை எண்ணிக் கொடுத்தார். தங்கை வாங்கிப் பைக்குள் வைத்து, பையை அக்காவின் தோளில் மாட்டினாள். ஒன்பதாவது காசை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். கடைப்படி இறங்கியதும் நின்றாள். தெருவில் நல்ல வெயில். காசு ஒருமுறை மேலே போய் மினுங்கிவிட்டு அவள் புறங்கையில் விழுந்தது. மற்றக் கையால் பொத்தினாள்.

எட்டு வருஷமாகக் காசு மேலே போகும்போதே "தலை" என்று கத்திவிடும் அக்கா, இப்போது அந்தப் பொத்திய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பழைய சன்னல், புதுச் சன்னல் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே சுண்டு. சொல்லுக்கா, பூவா தலையா?"