கடித்து மாட்டிய ரொட்டி

“ஹாஸ்டல் அடுப்புல பாத்திரத்த வெச்சா அந்த இடத்த விட்டு நகராத. திரும்பி வர்றதுக்குள்ள மூடி மட்டுந்தான் மிஞ்சும்.”

“அப்ப நீங்க எத்தன பேரு பாத்திரத்த காலி பண்ணீங்க அத்தான்?”

தங்கை செவரா தாஷ்கண்டுக்குப் படிக்கக் கிளம்பிய காலையில், அவளும் அக்கா முனிசாவின் கணவன் இல்ஹோமும் தேநீர் குடித்தபடி பேசிச் சிரித்தது முனிசாவின் காதைவிட்டுப் போகவில்லை. முன் வரிசையில் உட்கார், புரியாததை வெட்கப்படாமல் கேள், முதல் வருடம் நீ மார்க்குக்காக உழைத்தால் பிறகு மார்க் உனக்காக உழைக்கும் என்று, அங்கே படித்தவன் என்ற முறையில் இல்ஹோம் யோசனைகளை அள்ளி அள்ளிக் கொடுத்தான். முனிசாவிடம் அவன் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. நல்லவன்தான். ஆனால் அவர்களுக்குள் பேச்சு சூப்பில் உப்பு, குழாயில் தண்ணீர், அதற்கு மேல் நகராது.

சொந்த ஊரான கோகந்தின் பள்ளியில் வேதியியலில் முனிசாவை மிஞ்ச ஆள் கிடையாது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதுவதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பிறகும் படிக்கலாமா என்று இல்ஹோமிடம் கேட்க எத்தனையோ முறை வாய் வரை வந்து, விழுங்கிவிட்டாள். அம்மா ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனதும் செவராவைத் தன்னிடம் அழைத்துவந்து, பாடம் சொல்லித் தேர்வுக்குத் தயார் செய்தவளும் அவளே. இடம் கிடைத்த செய்தி வந்ததும் தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் பாதிதான் சந்தோஷம்.

ரயிலுக்குப் புறப்படும்போது, தூரப் பயணம் போகிறவர்களின் ஊர் வழக்கப்படி செவராவும் வட்ட ரொட்டியில் ஒரு கடி கடித்தாள். மீதியை இல்ஹோம் சுவரில் மாட்டினான். கடித்தவள் திரும்பி வந்துதான் மிச்சத்தைச் சாப்பிட வேண்டும். அதுவரை வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

அதன்பின் செவரா தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் அக்காவிடம் நலம் விசாரித்துவிட்டு, “அத்தான்கிட்ட குடு, ஒரு சந்தேகம்” என்பாள். சந்தேகம் பெரும்பாலும் வேதியியலில்தான். கட்டடப் பொறியாளரான இல்ஹோம் தலையைச் சொறிந்துகொண்டு ஏதோ சொல்வான். பக்கத்தில் காரட் நறுக்கிக்கொண்டிருக்கும் முனிசாவுக்கு விடை தெரியும். கத்தி மட்டும் பலகையில் பலமாக விழும்.

ஒரு மதியம் செவராவின் படம் வந்தது. ஆய்வுக்கூடம், வெள்ளை அங்கி. முனிசா படத்தைப் பெரிதாக்கினாள். பார்த்தது தங்கையின் முகத்தை அல்ல. பின்னால் இருந்த குடுவையில் நீலமாக இருப்பது என்ன கரைசல் என்று. பிறகு முக்காலியில் ஏறி ரொட்டியை எடுத்து, மறுபக்கத்தில் ஒரு கடி கடித்தாள். கல்லாய்க் காய்ந்திருந்தது. ஈறு வலிக்க மென்று விழுங்கிவிட்டு, பழையபடி மாட்டினாள்.

சாயங்காலம் இல்ஹோம் சுவரருகே நின்றுவிட்டான்.

“எலி கடிச்சிருக்கு முனிசா. செவராகிட்ட சொல்லிடாத, மனசு கஷ்டப்படும்.”

“எலி இல்ல. நாந்தான்.”

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “ஊருக்குப் போறவங்கதான அத கடிப்பாங்க? நீ எதுக்கு...”

முனிசா கையிலிருந்த தேநீர்க் கூஜாவைக் கீழே வைத்தாள்.

“நானும் போறேங்க. படிக்கணும். இந்த வருஷம் பரீட்ச எழுத என்ன விடுங்க.”