அசல் சுருதி

ரிமோட்டின் மேல் ஷோச்சு சாராயத்தைக் கொட்டியது இசோகாய்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. கவுண்டரின் அந்த ஓரத்தில் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். முள்ளங்கி ஊறுகாய்த் தட்டை எட்டி எடுக்கப் போய், முழங்கை பட்டு, வெந்நீர் கலந்த ஒரு முழுக் கிளாஸும் கவிழ்ந்தது. உருக்காலையில் முப்பத்தாறு வருஷம் நாற்பது டன் சுமையைக் கிரேனில் பூப்போல இறக்கி வைத்த மனிதருக்கு, எழுபத்து நாலு வயதில் ஒரு முள்ளங்கித் துண்டை வாய்வரை கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. ரிமோட் பச்சையாக ஒருமுறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது.

"போச்சு," என்றார் கடைக்கார ஃபுசாயம்மா. துணியால் துடைத்தார், உதறினார், எண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் காட்டினார். அவர் முகம் வெளிறியதைப் பார்த்து இசோகாய்க்கே ஆச்சரியம். ஒரு ரிமோட்டுக்கா இவ்வளவு?

ஜப்பானில் முரோரான் ஊர் மேட்டுத்தெருவில் இருக்கும் 'யூநகி', மத்தியானம் ஒரு மணிக்குத் திறந்து ஐந்துக்கு மூடுகிற கராவோகே கடை; மெஷின் இசையை வாசிக்கும், வந்தவர்கள் பாடுவார்கள். வருகிறவர்களில் இளையவருக்கு எழுபது வயது. பாட்டு நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதி ஃபுசாயம்மாவிடம் நீட்ட வேண்டும். ரிமோட் எப்போதும் அவர் கையில், கவுண்டருக்கு அடியில். வேறு யாரும் தொடக்கூடாது. கடை தொடங்கிய நாள் முதல் அப்படித்தான், அதனால் ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

"பரவாயில்ல, மெஷின்லயே நம்பர் அழுத்திக்கலாம்," என்று எழுந்தார் மினகாவா. தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எதற்கும் கோபப்படாதவர்.

அவர் பாட்டில், பனி கொட்டும் துறைமுகத்தில் ஒரு பெண் கப்பலுக்காகக் காத்திருப்பாள். அந்தக் கடையில் பாடப்படுகிற பாட்டு எல்லாவற்றிலும் அவள்தான் காத்திருந்தாள். துறைமுகம் மட்டும் மாறும். ஐம்பது வருஷமாக அவளை யாரும் வந்து கூட்டிப்போகாததற்கு இந்தக் கிழவர்களின் குரல்தான் காரணமோ என்று இசோகாய்க்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனாலும் மினகாவா பாடினால் வெந்நீர்த் தொட்டியில் இறங்கின மாதிரி இதமாக இருக்கும். இன்றைக்கு மூன்றாவது வரியிலேயே குரல் ஏணியில் ஏறி, இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்று நடுங்கியது.

"என்னய்யா, தபாலை மொட்டை மாடியில கொண்டுபோய்க் குடுத்துட்ட?" என்று சிரித்தார் செரிசாவா. பழைய முடிதிருத்துக்காரர், வாய் மட்டும் இன்னும் கூர் மழுங்காதவர்.

அடுத்து அவர் பாடினார். பல்லவியின் உச்சியில், சவரக்கத்தி காதில் பட்ட வாடிக்கையாளர் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். என்ன சத்தம் வந்தாலும் தட்டுவார்கள், அது மரியாதை. பிறகு பாடிய மூன்று பேருக்கும் அதே கதி. அடுப்புச் சூட்டில் தொண்டை காய்ந்துவிட்டது என்றார் ஒருவர். ரத்தக்கொதிப்புக்கு டாக்டர் மாற்றிக்கொடுத்த மாத்திரை என்றார் இன்னொருவர்.

"இசோகாயோட ஷோச்சு மெஷினுக்குள்ள போயிருக்கும். அதுக்கும் போதை ஏறிடுச்சு," என்றார் செரிசாவா.

இசோகாய்க்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நகர மண்டபத்தில் வருஷாந்திரப் பாட்டு நிகழ்ச்சி. பதினோரு வருஷமாக அதில் கடைசிப் பாட்டு அவருடையது. விண்ணப்பத்தில் சுருதி என்று ஒரு கட்டம் இருக்கும், மற்றவர்கள் அதை ஃபுசாயம்மாவிடமே விட்டுவிடுவார்கள். இசோகாய் மட்டும் தன் கையால் 'அசல்' என்று எழுதுவார். இளம் வயதில் ரெக்கார்டில் கேட்ட அதே உயரத்தில், ஒரு படிகூட இறக்காமல். இந்த வருஷப் பட்டியல் இன்றைக்கு ஐந்து மணிக்கு மண்டபத்துக்குப் போயாக வேண்டும்.

அவருக்கு அலுத்துப்போயிருந்தது. ஜனவரி முதல் தொண்டை மிட்டாய், மூச்சுப் பயிற்சி, இடுப்பில் பிரித்துத் தைத்த கறுப்புக் கோட்டு. இன்னும் நான் கடைசியில் பாடலாமா? இந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வருஷமாக அலைகிறார். டாக்டரிடம் கேட்டார். "உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கீங்க." மனைவியிடம் கேட்டார். "சட்டைக்கு இஸ்திரி போடணுமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் முறை வந்தது. மைக்கைப் பிடித்தார். இரண்டு வரி தாண்டியது. மூன்றாவதில் அந்தப் பெண் துறைமுக விளிம்புக்கு ஓடிவந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இசோகாய் கூப்பிட்டார். காற்று போனது, குரல் போகவில்லை. மிச்சப் பாட்டு முழுக்கத் திரையில் எழுத்துகள் தாமாகவே நிறம் மாறி ஓட, அவர் பின்னால் நொண்டிக்கொண்டு போனார்.

கைதட்டல். போன வாரம் தட்டிய அதே அளவு.

"நேரா சொல்லு மினகாவா. எப்படி இருந்துச்சு?"

"இன்னிக்கு... நல்ல உணர்ச்சி இருந்துச்சு."

"செரிசாவா, நீ?"

"எனக்கென்ன கேட்டுச்சு? இடது காது மிஷினை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். அதிர்ஷ்டம்தான், இல்லையா?"

நாலரைக்கெல்லாம் ஒவ்வொருவராகப் பூட்ஸை மாட்டிக்கொண்டு சேற்றுப் பனியில் இறங்கிப் போனார்கள். இசோகாய் மட்டும் துணியை வாங்கி, பிசுபிசுத்த கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொட்டியவர் துடைக்க வேண்டும் அல்லவா. எதிரே ஃபுசாயம்மா பட்டியலைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஃபுசாயம்மா, ஒண்ணு கேக்கட்டா? ஆறு பேருக்கும் ஒரே நாள்ல தொண்டை கட்டுமா?"

"குளிர்காலம் பாருங்க."

"முப்பது வருஷமா இங்க குளிர்காலம் வருது."

பேனா நின்றது. அவர் செத்துப்போன ரிமோட்டைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"மெஷின்லயும் அந்தப் பட்டன் இருக்கு. ஆனா பாடறவர் முழங்காலுக்குப் பக்கத்துல இருக்கு. நான் குனிஞ்சு அழுத்தினா எல்லாரும் பார்ப்பாங்களே."

"என்ன பட்டன்?"

"சுருதி இறக்கற பட்டன்."

இசோகாய் துணியைப் பிழிந்தார். பிழிய அதில் ஒன்றும் இல்லை.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"செரிசாவாவுக்கு எத்தனை?"

"அது தொழில் ரகசியம்."

"எனக்கு?"

"அஞ்சு கட்டை. ரெண்டு வருஷமா. அதுக்கு முன்னாடி மூணு."

"விண்ணப்பத்துல அசல்னு எழுதினேனே."

"எழுதினீங்க. மண்டபத்துக்கு நான் வேற தாள் அனுப்பினேன்."

கோபம் வரும் என்று இசோகாய் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. முழங்கால்தான் வலித்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார். இத்தனை வருஷம் அசல் சுருதிக்காரன் என்று நிமிர்ந்து நடந்ததை நினைத்தால், நடுத்தெருவில் கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்து திரிந்தது தெரியவந்த மாதிரி இருந்தது. பின்னால் ஒருத்தி கையால் மறைத்துக்கொண்டே கூட நடந்திருக்கிறாள்.

"சரி. அஞ்சு கட்டை இறக்கியே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நான் கடைசியில பாடலாமா?"

"உங்க பாட்டு உங்க பாட்டுதானே..."

"வேண்டாம். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போயிட்டேன், ஃபுசாயம்மா. எனக்கு உடம்பு முடியல. யாராவது ஒருத்தர் சொன்னா நான் நிம்மதியா வீட்டுக்குப் போவேன்."

ஃபுசாயம்மா கண்ணாடியைக் கழற்றி, ஏப்ரன் நுனியில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார். கடிகாரத்தில் ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

"கூடாது," என்றார். "போன வருஷமே நீங்க ரெண்டாவது சரணத்துல இருக்கும்போது ஜனங்க கோட்டை மாட்டிக்க ஆரம்பிச்சுட்டாங்க. விளக்கு உங்க கண்ணுல அடிச்சுது, உங்களுக்குத் தெரியல. மூணாவதா பாடுங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி. அப்போ எல்லாரும் உக்காந்திருப்பாங்க. அஞ்சு பத்தாது, ஆறு இறக்கிடறேன். அந்த உயரத்துல உங்க குரல் நல்லா இருக்கும்."