தொப்புளுக்கு மேலே

"வயித்தை அழுத்த வேணாங்க," என்றான் காமில்.

பள்ளிவாசல் மோதினாரின் கை நின்றது. இறந்தவரைக் குளிப்பாட்டும்போது மையித்தின் வயிற்றை மெல்ல அழுத்தி, உள்ளே தங்கியதை வெளியேற்றிவிட வேண்டும், அதுதான் முறை. தொப்புளிலிருந்து முழங்கால்வரை காமிலின் தந்தை நஜீமுதீனைத் துணி மூடியிருந்தது. அதற்கு மேலே, நெஞ்செலும்பின் அடியில் தொடங்கித் தொப்புள்வரை ஒரே தையல். அதன் இருபுறமும் விரல்நுனி அகலத்தில் சில சிறு காயங்கள்.

"தையல் விட்டுக்கும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"அப்ப சும்மா தடவி விட்டுர்றேன் தம்பி. மையித்துக்கு நோவு குடுக்கக் கூடாது, அவ்வளவுதான்."

கொல்லையில் புடவைகளைக் கட்டி மறைத்திருந்தார்கள். ஒன்றை விலக்கிக்கொண்டு அண்ணன் அஸ்ஃபாக் உள்ளே வந்தான். துபாயிலிருந்து திருச்சியில் இறங்கி, அங்கிருந்து நேரே லப்பைக்குடிக்காடு. சட்டைக் கையை மடித்தபடி அத்தாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பார்த்தான். ஒரு கை மடிக்கப்படாமலே நின்றது.

"என்னடா இது?"

காமில் செம்பில் நீர் மொண்டான்.

"ஓட்டை போட்டுப் பண்றதாத்தானே பேச்சு? தர்பூசணி மாதிரி பொளந்து வச்சிருக்கானுவ. எவன் கிழிக்கச் சொன்னான்?"

"நான்தாண்ணே கையெழுத்துப் போட்டேன்."

கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி என்று தெரிந்ததும், நுண்துளை அறுவை சிகிச்சைதான் வேண்டும் என்று துபாயிலிருந்தே முடிவு செய்தவன் அஸ்ஃபாக். காயம் சிறிது, வலி குறைவு, விரைவில் எழுந்து நடப்பார். அவன் சொன்னவை தவறல்ல. மருத்துவரும் அவற்றையே சொன்னார். தேவைப்பட்டால் பாதியில் வயிற்றைத் திறக்க நேரும் என்றும் சொன்னார். அதைக் கேட்கும் முன்பே வேலை இடைவேளை முடிந்து, அஸ்ஃபாக் போனை வைத்துவிட்டான்.

அறுவையின் பாதியில் மருத்துவர் வெளியே வந்தார். கட்டி பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டியிருந்தது. வயிற்றைத் திறக்கக் காமில் ஒப்புக்கொண்டான். அன்று மாலை போனில் அண்ணனிடம், "நல்லபடியா முடிஞ்சுது," என்றான். காயம் எப்படி என்று அவன் கேட்டபோதெல்லாம், "காஞ்சுட்டு வருது," என்றான். இரண்டிலும் பொய் இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"பயமா இருந்துச்சுண்ணே."

"பயமா? அத்தாவைக் கொன்னு போட்டுட்டு..."

"தம்பி," என்றார் மோதினார். "மையித்துக்கிட்ட வேணாம்."

வீட்டினுள்ளிருந்து அம்மா ஜைனம்புவின் குரல் வந்தது. "என்னடா சத்தம்? அஸ்ஃபாக்கு வந்துட்டானா?"

"வந்துட்டேம்மா."

அறுவைக்கு முந்தைய நாள் நஜீமுதீன் இளைய மகனிடம் தாழ்ந்த குரலில் சொல்லியிருந்தார்: "ஓட்டையோ கிழிசலோ, அந்த டாக்டருக்கு எது கை படிஞ்சிருக்கோ அதைச் செய்யச் சொல்லுடா. உங்கண்ணன்ட்ட சொல்லிக்காத, ரோஷக்காரன்." இப்போது அதைச் சொன்னால், இறந்தவரைச் சாட்சிக்கு இழுத்ததாகும். காமில் மீண்டும் செம்பில் நீர் மொண்டான்.

அஸ்ஃபாக் சோப்பை எடுத்துத் தோள்களைத் தேய்த்தான். காமில் நீர் ஊற்றினான். தையலின் அருகே வந்ததும் அஸ்ஃபாக்கின் கை தயங்கியது.

"கசிஞ்சுதான் போயிட்டாருன்னியே, எங்கடா கசிஞ்சது?"

"உள்ள. கணையத்தைக் குடலோட சேத்துத் தைச்ச எடத்துல."

"ஓட்டை போட்டுப் பண்ணியிருந்தா?"

"அப்பவும் அந்த எடத்தைத் தைச்சுத்தான் ஆகணும். உள்ள போற வழிதான் வேறயாம்."

"அப்ப பொழச்சிருப்பாரா, மாட்டாரா?"

"கேட்டேண்ணே. அவருக்கும் தெரியல."

கற்பூரம் கரைத்த நீரை மோதினார் தலையிலிருந்து ஊற்றினார். துவட்டுவதற்காக உடலை ஒருபக்கம் சாய்த்தபோது, தையலின் கீழ்முனையிலிருந்து மஞ்சளாக நீர் இறங்கியது. துடைத்தார்கள். மீண்டும் இறங்கியது. பஞ்சு வைத்தார்கள், பஞ்சு நனைந்தது. பக்கத்துக் கட்டிலில், உடலைச் சுற்றி அடக்குவதற்கான வெள்ளைக் கஃபன் துணி விரித்துத் தயாராக இருந்தது.

"வயித்தைச் சுத்தி ஒரு கட்டுப் போட்டுரலாம். இல்லன்னா கஃபன்ல கறை எறங்கிரும்," என்றார் மோதினார். மீந்த துணியில் நீளவாட்டில் ஒரு பட்டையைக் கிழித்துச் சுருட்டிக் கொடுத்தார்.

அஸ்ஃபாக் அதை வாங்கினான். புதிய பஞ்சைத் தையலின் மேல் வைத்து, பட்டையின் முனையை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டான். மறுகையால் சுருளை அத்தாவின் முதுகுக்கு அடியில் நுழைத்தான். அந்தப் பக்கம் காமில் வாங்கினான். வயிற்றின் மேலாகச் சுற்றி அண்ணனிடம் கொடுத்தான்.

"இன்னொரு சுத்து," என்றான் அஸ்ஃபாக்.

சுருள் மீண்டும் முதுகுக்கு அடியில் சென்றது. காமில் கையை உள்ளே விட்டு அதைத் தேடினான்.